தாஜ்மகால் வாசலில் நின்றுபோன தங்கமணி

அனுப்புநர்:
சி. ஆதிமூலம் (வயது 61),
த/பெ சின்னக்கண்ணு,
மேட்டுத் தெரு, கரும்பாலைமேடு,
கல்வராயன் மலையடிவாரம்,
கள்ளக்குறிச்சி வட்டம் மற்றும் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: ஆக்ராவில் தாஜ்மகால் பார்க்கச் சென்ற என் மனைவி தங்கமணி (வயது 56) கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோனது – தற்போது வெளிமாநிலக் காப்பகம் ஒன்றில் மனநலம் பாதித்தவர் என்று வைக்கப்பட்டிருப்பது – வரும் வியாழக்கிழமை வேறிடத்துக்கு மாற்றப்பட இருப்பது – இன்று பிற்பகலுக்குள் நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் சரகக் காவல் நிலையத்தில் 15.10.2024 அன்று நான் கொடுத்து, வாங்கப்படாத மனு.
2. மறுநாள் மீண்டும் கொடுத்து, மீண்டும் வாங்கப்படாத அதே மனு.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் கொஞ்சம் மரவள்ளியும் இரண்டு கறவை மாடும் வைத்துப் பிழைத்து வருகிறேன். பத்தாம் வகுப்பு படித்தவன். ஏரி வாய்க்கால் ஆக்கிரமிப்பு, எரியாத தெருவிளக்கு, ரேஷன் கடை எடைக் குறைவு என்று இதே அலுவலகத்தில் பல மனுக்கள் கொடுத்திருப்பதால் ஊரில் என்னை மனு ஆதிமூலம் என்பார்கள். அந்த மனுக்கள் என்னவாயின என்று கேட்க நான் இன்று வரவில்லை. அவை கிடக்கட்டும். இந்த ஒரு மனுவை மட்டும் வாங்கி வைத்துவிடாமல், நான் எதிரில் நிற்கும்போதே படித்துவிடும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர், நாலு வரி போதும், நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். நாலு வரியில் எழுதித்தான் காவல் நிலையத்தில் இரண்டு முறை கொடுத்தேன். இந்த முறை நடந்தது முழுவதையும் எழுதுகிறேன்.

2. எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு மாசி, பங்குனியில் புளி தட்டும் வேலை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியை ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக் கொடுப்பார்கள். கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்காது. அப்படிப் பேசிப் பேசித்தான் ஒருநாள் தாஜ்மகால் பேச்சு வந்திருக்கிறது. கோயில் டூர் எல்லாம் போயாகிவிட்டது, சாமி கும்பிடாமல் சும்மா பார்ப்பதற்கென்றே ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று என் மனைவிதான் சொன்னாளாம். சும்மா பார்க்க எதற்கு அவ்வளவு தூரம் என்று நான் கேட்டேன். "கோயிலுக்குப் போனா வேண்டுதல் இருக்குது, புள்ள குட்டி கவல இருக்குது. அங்க போனா ஒன்னும் கேக்க வேணாம், பாத்துட்டு வந்தா போதும்" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்தப் பேச்சை நான் மேலே வளர்க்கவில்லை.

3. டூர் ஏஜெண்டுகள் யாரிடமும் போகாமல் அத்தனை ஏற்பாட்டையும் தங்கமணியே செய்தாள் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எட்டாம் வகுப்பு படித்தவள். கைபேசியில் பார்த்துப் பார்த்து, தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், டில்லி செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப நாளைப் பிரித்தாள். நல்ல காரியம், வெள்ளிக்கிழமை போகலாம் என்று அடம்பிடித்த பெண்களுக்கு, நமக்குத்தான் அது நல்ல நாள், அவர்களுக்கு அது லீவு நாள் என்று புரியவைத்தாள். காலைச் சீட்டு வேறு, பிற்பகல் சீட்டு வேறு. உள்ளே உள்ள சமாதிக்குத் தனிச் சீட்டு. குறித்த நேரத்துக்குள் நுழையாவிட்டால் சீட்டு வீண். இதையெல்லாம் மாட்டுக்குத் தீனி கலக்கும்போதுகூட எனக்கு ஒப்பித்துக்கொண்டிருப்பாள். மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த நான்கு பேரையும் சேர்த்து மொத்தம் முப்பத்து மூன்று பெண்கள். அத்தனை பேரின் நுழைவுச் சீட்டும் அவள் கைபேசியில் இருந்தது. நான் போகவில்லை. மாட்டை யார் பார்ப்பது.

4. யாரும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சேலை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் கூட்டமாகப் போகிறவர்கள் இப்படி ஒரே நிறம் கட்டுவது வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தாலும் நம்மாள் என்று தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்களும் இதையேதான் செய்வார்கள் என்பதையும், அவர்களுக்கும் மஞ்சள்தான் முதலில் தோன்றும் என்பதையும் எங்கள் ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

5. 10.10.2024 வியாழக்கிழமை நடந்ததை, கூடச் சென்றிருந்த எங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர் சுபஸ்ரீ சொன்னபடி எழுதுகிறேன். தாஜ்மகால் வாசலில் சோதனை செய்யும் இடத்தில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். வெற்றிலை, புகையிலை எதுவும் உள்ளே போகக் கூடாதாம். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுருக்குப் பை இல்லாமல் வீட்டு வாசலையே தாண்ட மாட்டார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. அந்தப் பையில் வெற்றிலை பாக்கு மட்டுமா இருக்கும்? வீட்டுச் சாவி இருக்கும், சில்லறை இருக்கும், காதிலிருந்து கழற்றிய தோடு இருக்கும். தூக்கிப் போடு என்றால் யார் போடுவார்கள். முக்கியமாக ஜெயம்மாள் என்பவர், பையை விட்டுவிட்டு ராஜா கட்டின வீடாக இருந்தாலும் நான் வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

6. உள்ளே நுழைய வேண்டிய நேரம் முடியப் போகிறது. தங்கமணி தன் கைபேசியைச் சுபஸ்ரீ கையில் கொடுத்து, "நீ இதக் காமிச்சு எல்லாரையும் உள்ள இட்டுக்கினு போ. நா பையெல்லாம் ஒரு எடத்துல வச்சிட்டுப் பின்னாலயே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை சுருக்குப் பைகளையும் வாங்கிக் கையில் கோத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள். ஜெயம்மாளும் அவளை நம்பித்தான் பையைக் கொடுத்திருக்கிறார். பொருள் வைக்கும் அறையில் புகையிலையை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பைகள் இன்றைய தேதி வரை அவளிடமேதான் இருக்கின்றன. அவற்றோடு வாசலுக்குத் திரும்பி வந்தவளிடம் சீட்டும் இல்லை, கைபேசியும் இல்லை. எல்லோருக்கும் சீட்டு எடுத்தவள் சீட்டில்லாமல் வெளியே நின்றாள் ஐயா.

7. உள்ளே போனவர்கள் அவள் எங்கோ கூட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பார்த்த பக்கமெல்லாம் மஞ்சள் சேலை. நுழைந்த வாசல் ஒன்று, வெளியே வந்த வாசல் வேறொன்று. அங்கே வாடகைக்குப் பிடித்திருந்த பேருந்தில் ஏறியதும் தலையை எண்ணினார்கள். முப்பத்து மூன்று சரியாக இருந்தது. அந்த எண்ணிக்கையில் ஒரு தலை ராஜாம்பாள் என்பவருடையது. அவர் தென்மாவட்டத்திலிருந்து வேறொரு கூட்டத்தோடு வந்தவர். அவர்கள் கூட்டமும் மஞ்சள். கால் வலி தாங்காமல், மஞ்சளைப் பார்த்ததும் நம் வண்டிதான் என்று எங்கள் வண்டியில் ஏறிக் கடைசி இருக்கையில் தூங்கிவிட்டார். தங்கும் இடத்தில் இறங்கி, "எங்க ஆளுக எங்க?" என்று அவர் கேட்ட பிறகுதான் எங்கள் ஆள் எங்கே என்று இவர்களுக்குக் கேட்கத் தோன்றியது. ராஜாம்பாளை அவர் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். தங்கமணி அங்கே இல்லை. உடனே தாஜ்மகாலுக்குத் திரும்பிப் போனார்கள். அதற்குள் இருட்டி வாசலை அடைத்துவிட்டார்கள், அங்கேயும் அவள் இல்லை. மறுநாள் போய் வாசலில் இருந்த காவலர்களைக் கேட்கலாம் என்றால், மறுநாள் வெள்ளிக்கிழமை.

8. இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு விவரம் சொல்ல வேண்டியுள்ளது. வியாழக்கிழமை பிற்பகல், எனக்கு இன்னும் எதுவும் தெரியாத நேரத்தில், கைபேசிக்கு முன்பின் தெரியாத எண்களிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊராட்சியில் கூட்டம் போட்டு, இந்தியில் யாராவது பேசினால் பேச்சுக் கொடுக்காதீர்கள், வங்கிப் பணம் போய்விடும், உடனே துண்டித்துவிடுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். முதல் அழைப்பில் இந்தி. துண்டித்தேன். இரண்டாவதும் இந்தி. துண்டித்தேன். மூன்றாவது ஆளை மட்டும் விடவில்லை. "எங்கிட்டயே உன் வேலய காட்றியா? வேற எவனாவது ஏமாந்தவன் இருப்பான், அங்க போடா" என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டுத்தான் துண்டித்தேன். தாஜ்மகால் வாசலில் வழியே போகிறவர்களிடம் என் எண்ணை ஒவ்வொன்றாக விரல் காட்டிச் சொல்லி, அவர்கள் கைபேசியில் என்னைக் கூப்பிட்டது என் மனைவிதான் என்று இரவு எட்டு மணிக்குச் சுபஸ்ரீ பேசியபோதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான், தன் எண்கூடத் தெரியாது. அந்த எண்களுக்குத் திரும்ப அழைத்தேன். இருவர் எடுத்து, எனக்குப் புரியாமல் ஏதோ சொன்னார்கள். மூன்றாமவர் என் குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டார். அவர் மேல் தவறு சொல்ல எனக்கு வாயில்லை.

9. எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே இரண்டு நாள் தேடினார்கள். அங்குள்ள காவல் நிலையம் ஒன்றில் புகார் கொடுக்கப் போனபோது, வீட்டுக்காரர் வந்து கொடுக்கட்டும், அல்லது சொந்த ஊரில் கொடுக்கட்டும் என்று சைகையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்த நாள் வந்ததும் அழுதுகொண்டே ஏறியிருக்கிறார்கள். ஜெயம்மாள் மட்டும் ஏறமாட்டேன் என்று நின்றதாகவும், நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றியதாகவும் கேள்வி. அவர்களில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. ஊருக்கு வந்த அன்று முப்பத்திரண்டு பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

10. மறுநாள் காலை, பார்வை ஒன்றில் கண்ட மனுவுடன் எங்கள் சரகக் காவல் நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர், "பெரியவரே, காணாம போனது நம்ம லிமிட் கெடையாது. ஆக்ராவுலதான் குடுக்கணும்" என்றார். ஆக்ராவில் ஊரில் கொடு என்கிறார்கள் என்றேன். "அவங்களுக்கு ரூல்ஸ் தெரியல" என்றார். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் வாங்கலாம் என்று சட்டம் இருப்பதாக வழக்கறிஞர் ஒருவர் சொன்னதைச் சொன்னேன். "அப்ப அந்த வக்கீல்கிட்டயே குடுங்க" என்றார். மறுநாளும் போனேன். அன்று வேறொருவர் இருந்தார். அவர் நாற்காலியில் உட்காரச் சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது சண்டையா, கோபித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று கேட்டார். இதே கேள்வியை எங்கள் ஊர் டீக்கடையிலும் கேட்டார்கள். அங்கே நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. காவல் நிலையத்தில் மட்டும் தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கோபித்துக்கொண்டு போகிறவள், நாங்கள் இருவரும் வாழ்ந்த இத்தனை வருடத்தில் என் குணத்துக்கு நூறு முறை போயிருக்கலாம். போகாதவள் ஆக்ரா வரை போய்த்தான் கோபித்துக்கொள்வாளா?

11. 17.10.2024 வியாழக்கிழமை மாலை மீண்டும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். எடுத்தேன். ஒரு பெண் இந்தியில் ஏதோ சொன்னார். பிறகு, "ந்தா, நாந்தான்" என்று கேட்டது. "மாட்டுக்குத் தண்ணி காட்னியா? செவல கன்னு போட்டுச்சா? இங்க யாரும் நா சொல்றத கேக்கவே மாட்டேன்றாங்க. நீ வா" என்றாள். வருகிறேன் என்று நான் சொல்வதற்குள், பின்னாலிருந்து யாரோ அதட்டும் சத்தம் கேட்டு, அழைப்பு நின்றுவிட்டது. செவலை கன்று போட்டுவிட்டது, கிடாரிக் கன்று என்று அவளுக்குச் சொல்ல முடியவில்லை.

12. திரும்ப அழைத்தால் இந்தி. எனக்குத் தெரிந்து இந்தி பேசுகிறவர் ஒருவர்தான். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையம் அருகே பானிபூரி வண்டி வைத்திருக்கும் ராம்பிரவேஷ். பீகாரைச் சேர்ந்தவர். பல வருடமாக இங்கே இருக்கிறார். அவர் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போய்க் கைபேசியை நீட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பேசினார். எடுத்தது காப்பகம் ஒன்றில் சமையல் செய்யும் பெண். தங்கமணிமேல் இரக்கப்பட்டு, கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் முந்தின நாள் தன் கைபேசியைக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

13. அந்தப் பெண் மூலமாகவும், பிறகு கண்காணிப்பாளர் அம்மையாரிடமே பேசியும் ராம்பிரவேஷ் கேட்டறிந்த விவரம் பின்வருமாறு. கூட்டத்தைப் பிரிந்த அந்த வியாழக்கிழமை இருட்டும்வரை தங்கமணி அந்த வாசலை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் தேடி வருகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நின்றிருப்பாள். அப்புறப்படுத்த வந்தவர்களிடம் சத்தம் போட்டிருக்கிறாள். மஞ்சள் சேலை, கை நிறையப் புகையிலையும் சாவியும் போட்ட துணிப்பைகள், அதில் ஒன்றைத் தொட்டாலும் கத்துகிறாள், இது அவளுடையது, இது இவளுடையது என்று பெயர் பெயராகச் சொல்கிறாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து ஊர் ஒன்றில், ஆதரவற்ற பெண்களை வைத்திருக்கும் தனியார் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, புரியாதபடி தானாகப் பேசிக்கொண்டிருக்கிறார், வாசலுக்கு ஓடுகிறார் என்பது அங்கே அவளைப் பற்றிய குறிப்பு. அவளுக்குச் சோறு போடுகிறார்கள், அடிக்கவில்லை. அதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். ஆனால் தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கிறார்களாம்.

14. வரும் 24.10.2024 வியாழக்கிழமை, அங்குள்ள மனநலம் பாதித்த பெண்களை வேறு மாவட்டத்தில் உள்ள மனநலக் காப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். அந்த வண்டியில் தங்கமணியும் போகிறாள். அங்கே போய்விட்டால் மருத்துவர் குழு, நீதிமன்ற உத்தரவு என்று மாதக் கணக்கில் ஆகும் என்று கண்காணிப்பாளரே சொல்லியிருக்கிறார். கணவர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அனுப்ப முடியாது, பெண்களைக் கடத்துகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள், சொந்த மாவட்ட அதிகாரி ஒருவர் பேசவும் வேண்டும், கடிதமும் தர வேண்டும் என்கிறார். இந்த விதியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நியாயமான விதி. இப்படி ஒரு விதி இருப்பதால்தான் வேறு எவனும் அவளை அழைத்துப் போகவில்லை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

15. ராம்பிரவேஷ் அவரிடம், அந்த அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை, நீங்கள் கேட்பது தமிழ், நானே தினமும் கேட்கிறேன், என் பிள்ளைகள் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். நீ என்ன வேலை செய்கிறாய் என்று கண்காணிப்பாளர் கேட்டார். இவர் பொய் சொல்லத் தெரியாமல் பானிபூரி விற்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் உன் சொல்லை நான் எப்படி எழுதிக்கொள்வது, அதிகாரி யாரையாவது சொல்லச் சொல் என்று வைத்துவிட்டார். என்னிடம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது ராம்பிரவேஷ், "ஐயா, நா வாத்தியாருன்னு சொல்லிருக்கணும்" என்றார். இந்தத் தகவலுடன் சனிக்கிழமை எங்கள் காவல் நிலையத்துக்கு மூன்றாவது முறையாகப் போனேன். "ஆளுதான் கெடச்சுட்டாங்களே, அப்புறம் காணவில்லைன்னு எப்படி கேஸ் போட்றது?" என்றார்கள்.

16. ஆகவே, ஆள் கிடைக்காதபோது எல்லை சரியில்லை என்றும், கிடைத்த பிறகு வழக்கே இல்லை என்றும் ஆகி, நடுவில் என் மனைவி மாத்திரை தின்றுகொண்டிருக்கிறாள் என்பதைத் தங்களிடம் மிகுந்த பணிவுடனும், அடக்க முடியாத கோபத்துடனும் தெரிவித்துக்கொள்கிறேன். கோபம் தங்கள் மீது அல்ல. ஆனால் அதைக் கொண்டுவந்து வைக்க எனக்கு வேறு மேசை இல்லை.

17. இன்று இரவு சென்னையிலிருந்து ஆக்ரா வழியாகச் செல்லும் ரயிலில் எனக்கும் ராம்பிரவேஷுக்கும் தட்கலில் இடம் கிடைத்துள்ளது. புதன்கிழமை காலை போய்ச் சேரும். ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் கள்ளக்குறிச்சியிலிருந்து பிற்பகல் ஒரு மணிப் பேருந்தில் ஏறியாக வேண்டும். இந்த ரயிலை விட்டால் வியாழக்கிழமைக்குள் அங்கே போக எனக்கு வழியில்லை. கடிதம் இல்லாமல் போனாலோ, அவளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வண்டியில் ஏற்றுவதையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ராம்பிரவேஷ் வண்டியை மூடிவிட்டுத் தங்கள் அலுவலக வாசலில் பையோடு நிற்கிறார். மாடுகளை ஜெயம்மாள் பார்த்துக்கொள்கிறார். கேட்காமலே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

18. எனவே நான் கோருவது:

(அ) இம்மனுவின் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதியுள்ள காப்பகத்தின் எண்ணுக்கு, தாங்களோ தங்கள் அலுவலகத்தில் இந்தி அறிந்த அலுவலர் எவரோ, இன்று காலையே ஒருமுறை பேச வேண்டும். தக்க நடவடிக்கைக்காக என்று எழுதி வேறு துறைக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் எங்கே போகும் என்பது, மனு கொடுத்தே வயதான எனக்குத் தெரியும்.

(ஆ) எங்கள் குடும்ப அட்டை நகல், ஆதார் அட்டை நகல்கள், மஞ்சள் சேலையுடன் ரயில் நிலையத்தில் எடுத்த அவளுடைய புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் என்னோடு வந்திருக்கிறார். நான்தான் கணவன் என்று சொல்வார். இவற்றைச் சரிபார்த்து, தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் ஒன்றை என் கையில் தர வேண்டும்.

(இ) புகாரை வாங்காத காவல் நிலையத்தார் மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவள் வந்த பிறகு அதற்குத் தனியாக ஒரு மனு கொடுப்பேன்.

19. கடிதத்தில் பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. தங்கமணி, கணவர் பெயர் ஆதிமூலம், இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு வரி. அதன் கீழே இன்னொரு வரி வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை, ராம்பிரவேஷ் சொன்னால் எடுபடவில்லை, பன்னிரண்டு நாளாக அவளே வாய் வலிக்கச் சொல்லியும் எடுபடவில்லை. அதனால் அரசு முத்திரையோடு தாங்கள் சொல்ல வேண்டும்: இந்தப் பெண்மணிக்குச் சித்தம் கலங்கவில்லை, இவர் பேசுவது தமிழ்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 21.10.2024, திங்கட்கிழமை

பதிலுக்குக் காத்து வாசலிலேயே நிற்கும்,

சி. ஆதிமூலம்
(தங்கமணியின் கணவர்)